வேலி இழந்த கொடிக்கு ஒரு சிறு தொட்டி

சென்ற ஆண்டு ஆடி மாதப் பிறப்பன்று, கேரளக் கணக்கில் கர்க்கடகம் முதல் நாளன்று, பாலக்காட்டுச் சித்தூர் கடைவீதியில் ஒரு பாலித்தீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். 'தசபுஷ்பம்' என்று மலையாளத்தில் அச்சிட்ட துண்டுச்சீட்டு அதற்குள் இருந்தது. என் தாயார் அதைப் பிரித்து முறத்தில் பரப்பினார்; ஒவ்வொன்றாக எடுத்து அடையாளம் பார்த்தார். ஒன்பதை ஒரு பக்கமும் ஒன்றை மறுபக்கமும் ஒதுக்கினார். "இது திருதாளி இல்லைடா. வேற ஏதோ கொடியைப் பறிச்சுப் போட்டிருக்கான். திருதாளி இலையிலே நடுவிலே மை தடவின மாதிரி இருக்கும்" என்றார்.

எனக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. நான் வணிகவியல் படித்தவன். வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்தவன். கையொப்பம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு இலை ஒத்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமற்போனது அன்று சற்று வெட்கமாக இருந்தது. என் தாயார் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசும் ஊர் அது. ஆயினும் கர்க்கடகத்தில் தசபுஷ்பம் சூடும் மலையாள வழக்கத்தை, எல்லைப்புறத்துக் குடும்பங்கள் சில அயல்வீட்டாரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. விஷ்ணுகிராந்தி, அறுகு, முயற்செவி, திருதாளி, சிறுபூளை, நிலப்பனை, கரிசலாங்கண்ணி, முக்குற்றி, பூவாங்குருந்தல், முடக்கத்தான் ஆகியவையே அந்தப் பத்து. பெயரில் புஷ்பம் என்று இருப்பினும், சூடுவதற்குப் பெரும்பாலும் இலையும் தண்டுமே பயன்படுகின்றன. மார்கழித் திருவாதிரை இரவிலும் இவற்றைப் பெண்கள் சூடுவார்கள்.

இந்தப் பத்தில் திருதாளியும் விஷ்ணுகிராந்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நர்சரிகளில் 'மார்னிங் குளோரி' என்று விற்கப்படும் கொடிகளின் குடும்பம் அது. அதன் உறவினர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் அதைச் சேர்ந்தவையே. நெய்தல் நிலத்து மணலில் படர்வதாகச் சங்கப் புலவர்கள் பாடிய அடும்பும், வாசலில் சிவந்த சிறு பூக்களோடு ஏறும் மயில்மாணிக்கமும், பூக்காம்பைக் கறி சமைக்கும் மூக்குத்தி அவரையும் அவ்வாறே. பெயரில் அவரை என்றிருந்தாலும் மூக்குத்தி அவரை அவரை இனம் அன்று. கேரளத்தில் அதை நித்திய வழுதனை என்பார்கள். கத்தரி இனமும் அன்று. ஏரி குளங்களை அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான். எந்தக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பது உண்டு.

திருதாளிக்குத் தாவரவியலார் வைத்த பெயர் ஐபோமியா செபியாரியா. 'செபியாரியா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'வேலியில் வளர்வது' என்று பொருள். இலின்னேயசின் மாணவரான கோனிக் என்பவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகொடிகளைத் தேடித் திரிந்தவர். இப்பெயர் அவர் வழியாகவே வந்தது. அக்காலத்தில் இந்தக் கொடியை எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தால், வேலியில் என்பதே விடையாக இருந்திருக்கும். என் தாயாரின் சிறுவயது வரையிலும் விடை அதுவே. கிளுவை வேலியிலும் கள்ளி வேலியிலும் காலையில் வெளிறிய செந்நீலமாக மலர்ந்து, வெயில் ஏறும்போது சுருண்டுவிடும் அந்தப் பூவை அவர் யாரும் நட்டுப் பார்த்ததில்லை. நடவேண்டிய தேவை இருக்கவில்லை.

வேலிகள் எங்கே போயின? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது நான் என்னையும் விலக்கிக்கொள்ள முடியாது. வீட்டுக்கடன் கோப்பில் பொறியாளரின் மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பகுதியில் 'சுற்றுச்சுவர், வாயிற்கதவு' என்று ஒரு வரி இருக்கும். அதை நான் நூற்றுக்கணக்கான முறை படித்து, தொகையைச் சரிபார்த்து, ஒப்பமிட்டிருக்கிறேன். கள ஆய்வுக்குச் செல்லும்போது நான்கெல்லைகள் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பது என் கடமை. உயிர்வேலி ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும்; சுவர் நகராது. எங்களைப் போன்றவர்களுக்குச் சுவர் பிடித்திருக்கிறது. வாடிக்கையாளருக்கும் பிடித்திருக்கிறது. இருவருமாகச் சேர்ந்து கிழக்குப் பாலக்காட்டின் வேலிகளை மெல்ல மெல்ல அகற்றியிருக்கிறோம்.

ஆகவே என் கருத்து எளியது. வேலியை நம்பி வாழ்ந்த கொடியை, வேலியை எடுத்தவர்கள் வீட்டுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலம் வேண்டியதில்லை, ஐந்து அங்குலத் தொட்டியும் வெயில் விழும் சன்னலும் போதும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் மறுமொழி, "கொடி தொட்டியில் வளராது, வளர்ந்தாலும் வீட்டுக்குள் பூக்காது" என்பதே. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒருமுறை முயன்று தோற்றவர்கள். நானும் தோற்றவன்தான். தோற்ற கதையைச் சொன்னால் பயன் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் பணியாற்றினேன். அலுவலர் குடியிருப்பின் இரண்டாம் தளம். ஒரு விதைப் பொட்டலம் வாங்கி வந்தேன். 'ஹெவன்லி புளூ' என்ற புகழ்பெற்ற வகை, மெக்சிகோ நாட்டு இனத்திலிருந்து வந்தது. நல்ல காரியத்தைச் சிக்கனமாகச் செய்யக்கூடாது என்று எண்ணி, இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதில் பாதி மக்கிய சாணம், மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி யூரியா என்று செலவழித்தேன். நடைக்கூடத்துச் சன்னலோரம் வைத்தேன். கொடி கம்பியெல்லாம் ஏறியது. இலைகள் உள்ளங்கை அளவுக்கு விரிந்தன. எட்டு மாதம் ஆகியும் ஒரு மொட்டுக்கூட இல்லை.

எங்கள் கிளைக்கு ஊதியக் கணக்கு தொடர்பாக வந்துபோகும் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு, கணக்குப் படிவத்தில் ஒரு திருத்தத்துக்காகச் செல்ல நேர்ந்தது. லயத்து வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். வாசலுக்கும் பாதைக்கும் இடையே நாலடி. அந்த நாலடியில் பழைய எண்ணெய் டின்களும் உடைந்த வாளிகளும் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒரு டின்னில் மயில்மாணிக்கம் மூன்று மூங்கில் குச்சிகளைப் பற்றி ஏறி, மேலிருந்து கீழ்வரை சிவந்திருந்தது. பக்கத்து டின்னில் நீலமான ஒரு வகை, பொட்டலத்துப் படத்தில் நான் கண்டது போன்றே. மண் கைப்பிடியளவு; அதுவும் பாதி சரளை. என் தொட்டியின் வரலாற்றைச் சொன்னேன். அந்த அம்மா கேட்ட முதற் கேள்வி உரத்தைப் பற்றியது அன்று.

"ராத்திரி அங்க லைட்டு எரியுமா சார்?"

விடிய விடிய எரியும் என்றேன். நடைக்கூடத்துக் குழல்விளக்கு அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

"அப்ப எப்புடி சார் பூக்கும்? அதத் தூங்க விடணும்ல."

பின்னர் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னதைத் தாவரவியலார் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருப்பதைக் கண்டேன். மார்னிங் குளோரி இனங்களில் பல, நீண்ட இருளைக் கண்ட பின்னரே மொட்டு வைப்பவை. ஜப்பானியர் 'அசகாவ்' என்று அழைக்கும் இனம் இந்த ஆய்வுகளுக்குப் பெயர்போனது. அதில் 'வயலெட்' என்ற வகையின் நாற்று, விதையிலை மட்டும் விரிந்த நிலையில், பதினாறு மணி நேர இருளை ஒரே ஓர் இரவு பெற்றாலே பூக்கத் தீர்மானித்துவிடுகிறது. அந்த இருளின் நடுவே சில நிமிடம் செந்நிற ஒளியைக் காட்டினால் தீர்மானம் கலைந்துவிடுகிறது. நாம் வாழும் அட்சரேகையில் இரவு எந்தப் பருவத்திலும் பதினொரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இயற்கை தரும் இருளே இங்கு இந்தக் கொடிகளுக்குத் தாராளமானது. அதைக் கெடுப்பது நம் மின்விளக்கு. வீட்டுக்குள் கொடி பூக்கவில்லை என்றால், பத்தில் எட்டுப் பேர் வெயில் குறைவு என்கிறார்கள். இருள் குறைவு என்று நான் சொல்வேன். இரண்டும் வேண்டும் என்பதே சரி. ஆனால் வெயிலைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

பூ மலரும் நேரத்தையும் அதே இருள்தான் முடிவு செய்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பளிப்பது. அசகாவ் மலர்வது காலைக் கதிரவனைக் கண்டு அன்று. மாலையில் இருட்டத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ பத்து மணி நேரம் எண்ணி அது விரிகிறது. குளிர்ச்சியான இடத்தில் வாட்டமும் தாமதமாகிறது. அதனால்தான் சித்தூர் வெயிலில் ஒன்பது மணிக்குச் சுருளும் பூ, மூணாறுப் பக்கம் மேகமூட்டமான நாளில் பிற்பகல் வரை நிற்கிறது. 'ஹெவன்லி புளூ' மொட்டு செவ்வூதாவாக இருந்து, விரியும்போது நீலமாவதன் காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். இதழின் உயிரணுச் சாற்றின் அமில காரக் குறியீடு 6.6-இலிருந்து 7.7-க்கு உயர்கிறதாம். சாயம் அதே சாயந்தான், சாறு மாறுகிறது.

ஜப்பானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கொடியைச் சிறு தொட்டியில் வளர்ப்பது அவர்கள் நாட்டில் ஒரு கலையாகவே ஆகிவிட்டது. மருந்து விதையாகச் சீனத்திலிருந்து வந்த செடி அது. இன்று தோக்கியோ என்று வழங்கும் எடோ நகரில் 1806-இல் பெருந்தீ ஏற்பட்டு வீடுகள் அழிந்தன. வெறுமையான மனைகளில் தோட்டக்காரர்கள் அசகாவ் வளர்க்கத் தொடங்கியதே அந்த மோகத்தின் தொடக்கம் என்பார்கள். சொற்ப ஊதியம் பெற்ற கீழ்நிலைச் சாமுராய்கள் இதைத் துணை வருமானமாகக் கொண்டார்கள். நெருக்கமான சந்துகளில் குடியிருந்தவர்கள், ஒரு சாண் தொட்டியில் மூன்று குச்சிகளை நட்டு, வளையங்களைக் கட்டி, விளக்குக் கூண்டு போன்ற அமைப்பில் கொடியைச் சுற்றிவிட்டார்கள். இன்றும் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு தொட்டியில் அசகாவ் வளர்க்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை தோக்கியோவின் இரியா பகுதியில் அதற்கென்றே சந்தை கூடுகிறது. நிலமில்லாதவர்களின் கொடியாக அது வளர்ந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தேவிகுளத்து லயத்து வாசலில் நான் கண்ட டின்னும் அந்த வரலாற்றிலேயே சேரும். எழுதுவதற்குத்தான் யாரும் இல்லை.

இனி வளர்ப்பு முறை. தொட்டி பெரிதாக இருந்தால் கொடி வேரையும் இலையையும் பெருக்கிக்கொண்டே போகும். ஐந்து அல்லது ஆறு அங்குல வாயுள்ள மண்தொட்டி, அல்லது அடியில் நான்கு துளையிட்ட டின் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. யூரியா கூடவே கூடாது. என் இருபது லிட்டர் தொட்டி கற்பித்த பாடம் அது. விதையின் தோல் கடினமானது. மணல்தாளில் ஒரு பக்கம் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் போட்டு, ஊறிப் பருத்ததை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஒரு தொட்டிக்கு ஒரு கொடிதான். இரண்டு முளைத்தால் ஒன்றைப் பறித்துவிட வேண்டும். இதைச் செய்ய மனம் வராதவர்கள் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஏழெட்டு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். மூன்று குச்சிகளில் கொடியைச் சுற்றிவிடும்போது திசையைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இந்தக் கொடிகள் இடஞ்சுழியாகவே ஏறும். நாம் வலஞ்சுழியாகச் சுற்றிவிட்டால், மறுநாள் காலை அது தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு தொங்கும். பூசைக்குரிய கொடி என்பதால் வலஞ்சுழியாகச் சுற்றிவிடுகிறேன் என்று ஒரு நண்பர் மூன்று நாள் போராடினார்.

வெயில் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேரடியாக விழவேண்டும். கிழக்குச் சன்னல் சிறந்தது. மாலை ஆறரை மணிக்கு, கிளைக்குப் படிவங்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தொட்டியின் மேல் கவிழ்த்துவிடுகிறேன். காலை ஆறரைக்கு எடுக்கிறேன். தொலைக்காட்சி, குழல்விளக்கு, தெருவிளக்கு ஆகிய மூன்றிலிருந்தும் அது காக்கிறது. 'ஹெவன்லி புளூ' இந்த முறையில் ஒரு மாதத்துக்குள் மொட்டு வைத்தது. தண்ணீர் விஷயத்தில் நம் இரண்டு எல்லைகளும் நேர் எதிரானவை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, சிறு தொட்டியை அரை நாளில் காயவைத்துவிடும். அப்போது தொட்டியைச் சன்னலுக்கு வெளியே வைக்கக்கூடாது. காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். இடுக்கி மலையில் மழைக்காலத்தில் மிகுதியாகும் ஈரமே பகை. அங்கே தொட்டியின் அடியில் தட்டு வைக்கவே வேண்டாம்.

விஷ்ணுகிராந்தியைப் பற்றி ஒரு சொல். அதன் தாவரப் பெயரான 'எவால்வுலஸ்' என்பதற்குச் சுற்றாதது என்று பொருள். அது ஏறாமல் படர்ந்து கிடப்பது. ஆகவே ஆழமில்லாத சட்டியே போதும். ஆனால் நர்சரிகளில் விஷ்ணுகிராந்தி என்று கேட்டால், பிரேசிலிலிருந்து வந்த அதன் உறவினச் செடியைத் தருவது வழக்கமாகிவிட்டது. நீலமாக, பெரிதாக, அழகாகவே இருக்கும். தசபுஷ்பத்துக்கு அது ஆகாது.

எச்சரிக்கைகள் இரண்டு. இந்தக் குடும்பத்துப் பல கொடிகளின் விதைகள் நஞ்சுத்தன்மை உடையவை. அசகாவ் விதை கடும் பேதி மருந்தாகவே பயன்பட்டு வந்தது. குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். மற்றொன்று இடுக்கி வாசகர்களுக்கு. மூணாறு வட்டாரச் சாலையோரங்களில் மரங்களின் மேலேறிப் போர்வை போல மூடியிருக்கும் நீலப் பெரும்பூக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா வருபவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அயல்நாட்டிலிருந்து வந்த பல்லாண்டுக் கொடி அது. விதை இல்லாமலே, வெட்டி எறிந்த தண்டுத் துண்டிலிருந்து கணுதோறும் வேர்விட்டுப் பரவும். சோலைக்காடுகளை ஒட்டி வீடு உள்ளவர்கள் அதைத் தொட்டியில்கூட வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கவாத்துச் செய்த துண்டுகள் கடைசியில் வேலிக்கு அப்பால்தான் போய் விழுகின்றன. அழகுக்காக ஒன்றை வளர்த்து, காட்டுக்கு ஒரு சுமையை ஏற்றக்கூடாது. ஓராண்டில் முடியும் வகைகளையோ, நம் மண்ணின் திருதாளியையோ வளர்ப்பதே தகும்.

திருதாளிக்கு மீண்டும் வருகிறேன். பொட்டலத்து நிகழ்ச்சிக்குப் பின் அதைத் தேடினேன். ஐப்பசி மாதம் வடகரப்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்காகக் கள ஆய்வுக்குச் சென்றபோது கண்டேன். மனையின் மேற்கெல்லையில் நாற்பது அடிக் கிளுவை வேலி; அதன் மேல் வெளிறிய பூக்களோடு திருதாளி. இலையின் நடுவே என் தாயார் சொன்ன மை. எல்லா இலைகளிலும் இல்லை. சிலவற்றில் தெளிவாக இருந்தது. மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினேன். அந்த நாற்பது அடிக்கும் சுவர் போடப்பட்டிருந்தது.

விண்ணப்பதாரர் என்னைவிட மூத்தவர், விவசாயி. ஒரு பத்தடியாவது வேலியை விட்டுவைக்கலாமே என்று கேட்டேன். வங்கி அதிகாரியாகக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் சிரித்தார். "பன்னி வந்து கெழங்கெல்லாம் தோண்டிப் போட்டுட்டுப் போகுதுங்க சார். வேலியெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. காட்டுப்பன்றியால் ஒரே இரவில் ஒரு பருவத்து உழைப்பை இழப்பவரிடம் கொடியின் அருமையைப் பேசுவது நியாயமாகப் படவில்லை. கோப்பில் ஒப்பமிட்டேன். வேலையாட்கள் வருமுன், தை மாதத்தில் அவரே தொலைபேசியில் அழைத்து, காய்கள் முற்றியிருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சன்னலில் ஒரு தொட்டி வைப்பதால் ஓர் இனத்தைக் காத்துவிட முடியுமா என்று அறிவியல் ஆசிரியரான என் மைத்துனர் கேட்கிறார். முடியாது. வேலியில் ஒரு கொடியோடு ஓணானும் வண்டும் சிட்டும் வாழ்ந்தன. என் சன்னலில் அவை இல்லை. நான் அந்த அளவுக்கு உரிமை கோரவில்லை. என் தாயாருக்குப் பின் எங்கள் வீட்டில் திருதாளி இலையைப் பார்த்துச் சொல்ல ஒருவராவது வேண்டும் என்பதே என் கோரிக்கை. நாள்தோறும் காலையில் கண்முன் நிற்கும் செடியைத்தான் குழந்தைகள் அடையாளம் காண்பார்கள். என் மகளுக்கு இப்போது தெரிகிறது. கடையில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று கடைக்காரரிடமே சொன்னாள். தொட்டியில் வளர்த்தது பூசைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: துளசியை நாம் எதில் வளர்க்கிறோம்?

மயில்மாணிக்க விதை தந்த லயத்து அம்மா அதற்கு அடுத்த ஆண்டே ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றால் வீட்டைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். கணக்கைத் தேனிப் பக்கக் கிளைக்கு மாற்றிக்கொள்ள வந்தபோது, பாஸ்புக் உறைக்குள் ஒரு காகித மடிப்பு இருந்தது. அதில் கருவிதைகள் பத்துப் பன்னிரண்டு. டின்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் வண்டியில ஏத்தியாச்சு சார். மண்ணு அவங்களது, டின்னு நம்மளதுதானே" என்றார். அந்த விதையின் வழிவந்த கொடிதான் இப்போது எங்கள் சமையலறைச் சன்னலில் சிவந்திருக்கிறது.

இவ்வாண்டு ஆடி முதல் நாள், ஐந்து அங்குலத் தொட்டியிலிருந்து மூன்று திருதாளி இலைகளைக் கிள்ளிக் கொடுத்தேன். என் தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இலை ரொம்பச் சின்னதா இருக்கேடா" என்றார். மற்ற ஒன்பதோடு சேர்த்துக் கட்டிச் சூடிக்கொண்டார்.

வடகரப்பதி மனையில் சுவர் எழும்பிவிட்டது. கடைசித் தவணைத் தொகையை விடுவிப்பதற்கு முன் ஆய்வுக்குச் சென்றபோது, நான் முளைக்கவைத்த நாற்று ஒன்றை எடுத்துச் சென்றேன். அந்த வீட்டு அம்மா, சுவருக்கு வெள்ளையடித்து மீந்த பெயின்ட் வாளியில் அதை நட்டு, சுவரின் உட்புறம் ஆணியடித்து மாட்டியிருப்பதாக அண்மையில் சொல்லியனுப்பினார். ஏறுவதற்குக் கயிறு கட்டலாமா கம்பி கட்டலாமா என்று கேட்டிருந்தார். கயிறு போதும் என்று சொன்னேன்.